முதல் ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு

தம்பி, சன்னல் பக்கம் நான் இருந்துக்கிடட்டுமா? இல்ல, வேண்டாம், வேண்டாம், நீங்களே இருங்க. சன்னல் பக்கம் இருந்தா வெளிய நிக்கவனுக்கு மூஞ்சி தெரியும். நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். மணப்பாடு தாண்டியாச்சா? தாண்டியாச்சா, செரி. இந்த டிரைவரு இதுக்கு முன்ன மாட்டுவண்டி ஓட்டுனவரு போல. உவரிக்கு ரோடு பிரியுத அந்த விலக்கு ஒண்ணு தாண்டிட்டா பொறவு எனக்கு ஒரு கவலையும் இல்ல. அது வரைக்கும் இப்படித்தான் எந்திச்சு எந்திச்சு உக்காருவேன், நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க.

வெரலப் பாக்கியளா? நகச்சுத்தி. அதான் எலுமிச்சம்பழம் சொருகியிருக்கேன். டிக்கெட்டு குடுக்கும்போதே கண்டக்டரு சிரிச்சான், மூதி. சிரிக்கட்டும்.

பின்னால அவ்வளவு சீட்டு காலியாக் கெடக்கு, இந்தக் கெழவன் எதுக்கு நம்ம பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டான்னு நெனச்சிருப்பிய. உங்க பனியன்தான் காரணம். அந்தப் படம். கிரேன்ல ஒரு பியானோ தொங்குதுல்லா, கீழ ஒருத்தன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கான்லா. டாக் கேட் செவன். மொத ஆல்பம், 'ஹெவி லிஃப்ட்'. செரிதானா? எப்படி முழிக்கிய பாருங்க! தூத்துக்குடியிலேருந்து வேட்டி கட்டிக்கிட்டு வாற ஆளுக்கு இங்கிலாந்து ஃபங்க் பேண்டு எப்படித் தெரியும்னு பாக்கிய. தம்பி, நீங்க பொறக்கதுக்கு முன்னாலயே அந்த ஆல்பத்தக் கரச்சுக் குடிச்சவன் நான். எங்க ஊர்ல அத வீடு வீடாக் கொண்டு சேத்ததே நாந்தான். நீங்க கோவளத்துக்குத்தான போறிய, சாயங்காலம் அவனுவ கச்சேரிக்கு? நானும் அங்கதான். நீங்க டிக்கெட்டு எடுத்துப் போறிய. என்ன அவனுவளே கூப்பிட்டிருக்கானுவ.

ஆமா, கூப்பிட்டுத்தான் போறேன். காதுல பூ சுத்துதான்னு நெனக்காதீங்க. சொல்லுதேன். இப்ப வந்தது எந்த ஊரு? செரி, செரி, நேரம் இருக்கு.

என் பேரு தனசிங். டயமண்ட் ரெக்கார்டிங் சென்டர்னா அந்தக் காலத்துல தூத்துக்குடியில பச்சப் புள்ளைக்கும் தெரியும். இப்ப அங்கன செல்போன் கவரு விக்கான், அது கெடக்கட்டும். அப்பல்லாம் பாட்டு வேணும்னா காலிக் கேசட்டத் தூக்கிக்கிட்டு எங்கள்ட்டதான் வரணும். 'அண்ணாச்சி, இந்தப் படத்துல ரெண்டு, அந்தப் படத்துல மூணு, சோகப் பாட்டு மட்டும் வேண்டாம்'பாவ. நாங்க எல்பி ரெக்கார்டுலேருந்து பதிஞ்சு குடுப்போம். அது சட்டப்படி செரியான்னு கேக்காதீங்க. தமிழ்நாடு பூரா அப்படித்தான் ஓடிச்சு.

எம்பத்தி ரெண்டா, மூணா, ஞாபகம் இல்ல. கப்பல்ல வேல பாக்குத கொரைரா அண்ணாச்சி இங்கிலாந்துலேருந்து ஒரு எல்பி வாங்கிட்டு வந்தாரு. வீட்டுல ரெக்கார்டு பிளேயரே கெடையாது, அட்டப் படத்தப் பாத்து வாங்கியிருக்காரு. 'கிரேன் படம் போட்டிருக்கான்டே, நம்ம ஹார்பர் மாதிரியே இருந்துச்சு. கேசட்டுல ஏத்திக் குடு, உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்'ன்னாரு.

ஊசிய வச்சேன். சத்தியமாச் சொல்லுதேன் தம்பி, அந்த மாதிரி ஒண்ண அதுக்கு முன்னால நான் கேட்டதே இல்ல. பாடுததுக்கு ஆளே வரல. பேஸ் கிட்டாரு மட்டும் தனியா நடந்து வருது. முதுகுல மூட்டையோட லோடுமேன் பலகையில ஏறுவான்லா, அந்த நட. பொறவு டிரம்மு சேந்துக்கிடுது. ரெண்டு டிரம்பெட்டு வந்து நறுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடிருது. நான் கடையில ஒத்த ஆளா நின்னு ஆடிக்கிட்டு இருக்கேன். எதுத்த பாத்திரக் கடக்காரரு எட்டிப் பாத்துட்டு, 'ஐயோ, தனசிங்குக்குக் கரண்டு அடிச்சிட்டு'ன்னு கட்டையத் தூக்கிக்கிட்டு ஓடி வாராரு!

கொரைரா அண்ணாச்சி கேசட்டு கேட்டுட்டு அவரு மச்சினனும் கேட்டான். அவன்ட்டேருந்து காலேஜ் பயலுவ, அவனுவள்ட்டேருந்து பாஸ்கெட்பால் ஆடுத பயலுவ. கேட்டவன் எல்லாம் காலிக் கேசட்டோட வந்து நிக்கான். அங்கதான் சிக்கல் வந்துது.

அந்த எல்பியில பக்கத்துக்கு நாலு பாட்டு. அறுபது நிமிசக் கேசட்டுல ஏத்துனா ரெண்டு பக்கமும் கடசீல கொஞ்சம் மிச்சம் கெடக்கும். டேப்பு சும்மா ஓடுச்சுன்னா வாங்குனவன் சண்டைக்கு வந்துருவான். 'கேசட்டு காலியா ஓடுது, ஏமாத்திட்டிய'ம்பான். அதனால மிச்ச எடத்துல வேற ஏதாவது பாட்டப் போட்டு ரொப்பணும். எல்லா ரெக்கார்டிங் சென்டர்லயும் அதான் வழக்கம். சினிமாப் பாட்டுன்னா பிரச்சினையே இல்ல, எதையாவது போட்டு ரொப்பிறலாம். இதுக்கு என்னத்தப் போட? தெரியாத்தனமா ஒரு தாலாட்டுப் பாட்டப் போட்டுட்டேன். ஆடிக்கிட்டு இருந்த பயலுவ எல்லாம் அடிக்க வந்துட்டானுவ. பின்பக்கத்துல மொத பாட்டையே திரும்ப ஒரு தடவ போட்டு ஒப்பேத்திட்டேன். முன்பக்கந்தான் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

அப்பதான் இன்னாசி வாறான்.

இன்னாசின்னு என் கூட்டாளி, சொந்த ஊரு உவரி. பள்ளிக்கூடத்துலேருந்தே கூட்டாளி. ஒரு மெல்லிசைக் குழுவுல பேஸ் கிட்டாரு வாசிச்சுக்கிட்டு இருந்தான். கல்யாண வீடு, திருவிழான்னு போவான், மத்த நேரமெல்லாம் என் கடையிலதான் கெடப்பான். அந்த எல்பிய அவன் கேட்ட கேப்பு இருக்கே, பேய் புடிச்ச மாதிரி. கட்டவெரலால கம்பியத் தட்டணும், மத்த வெரலால சுண்டணும்னு அவனே கண்டுபுடிச்சு, தோலு உரியுத வரைக்கும் அடிச்சுப் பாத்தான். ஒரு நா மத்தியானம், 'தனசிங்கு, மிச்ச எடத்துக்கு நான் ஒண்ணு வாசிக்கட்டுமாடே'ன்னான். எனக்கும் செரின்னு பட்டுச்சு. யாருக்கும் தெரியவா போவுது, ரொப்புனாப் போதும்னு நெனச்சேன்.

கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு, சுவரு பூரா முட்டத் தட்டு ஒட்டியிருப்பேன், சத்தம் எதிரொலிக்காம இருக்க. அங்க வச்சு எடுத்தோம். அவன் குழுவுல டிரம்மு அடிக்கவரு வந்தாரு. ஒரே தடவதான். அந்தப் பாட்டுக்கு அவன் என்னமோ பேரு வச்சிருந்தான்... கச்சான். ஆமா, கச்சான். கச்சான் காத்து வீசுனா வள்ளம் கடலுக்குப் போவ முடியாதுல்லா. ஆம்பளைய எல்லாம் கரையில உக்காந்து காலாட்டிக்கிட்டு கடலையே பாத்துக்கிட்டு கெடப்பானுவ. 'அந்த இருப்புக்கொள்ளாத காலுதான்டே இந்தப் பாட்டு'ன்னான். நான் அந்தப் பேரெல்லாம் எங்கயும் போடல. கேசட்டு அட்டையில எழுத எடம் ஏது?

இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி, படிச்சவரு. கட யாரோடது? என்னோடது. மைக்கு யாரோடது? என்னோடது. டேப்பு? மிசினு? பாட்டு ஆரம்பிக்கும்போது 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்'னு ஒரு கொரலு கேக்கும், அது யாரு கொரலு? எல்லாம் என்னோடதுன்னா பாட்டு மட்டும் எப்படி வேற ஆளோடதாவும்?

செரி, அது பொறவு. அந்தக் கேசட்டு போன போக்கச் சொல்லுதேன். ஒரு வாரத்துல ஊரு பூரா 'அஞ்சாவது பாட்டு, அஞ்சாவது பாட்டு'ன்னு ஒரே பேச்சு. வெள்ளக்காரன் உசுரக் குடுத்துப் போட்ட எட்டு பாட்டையும் தள்ளி வச்சிட்டு, நாங்க ரொப்புததுக்குப் போட்டதையே ரிவைண்டு பண்ணிப் பண்ணி ஓட்டுதானுவ. பாஸ்கெட்பால் மேட்ச்சுன்னா அந்தப் பாட்டு. காலேஜ் விழான்னா அந்தப் பாட்டு. ஒரு கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ள மேடைக்கு வரும்போது அதப் போட்டு, அந்தப் பொண்ணு நடக்க முடியாம சிரிச்சிட்டு. எல்லாரும் என்ன நெனச்சானுவ? ஆல்பத்துல அஞ்சாவது பாட்டும் டாக் கேட் செவன் வாசிச்சதுன்னுதான் நெனச்சானுவ. கேசட்டுல வருதுல்லா, வேற எப்படி நெனப்பான்?

'வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தாம்யா. நம்ம ஆளுவளுக்கு இந்தக் கை வருமா?' இத நான் ஒரு நாளைக்குப் பத்துப் பேருட்ட கேட்டிருப்பேன். இன்னாசி கடையிலயே உக்காந்து கேப்பான். மொத மொத விழுந்து விழுந்து சிரிச்சோம், ரெண்டு பேரும். ஒரு காலேஜ் வாத்தியாரு இன்னாசி தோள்லயே கையப் போட்டுக்கிட்டு, 'தம்பி, நீயும் பேஸ் வாசிக்கிறியாமே. இந்த அஞ்சாவது பாட்ட நல்லாக் கேட்டுப் பழகு. இதுல பாதி வந்தாப் போதும், பொழச்சுக்கிடுவ'ன்னாரு. நான் பின் ரூம்புக்குள்ள ஓடிப்போயி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன். வெளிய வந்து பாத்தா இன்னாசி சிரிக்கல.

அன்னைக்கு, 'சொல்லிருடே'ன்னான். 'என்னத்த?'ன்னேன். 'நாந்தான்னு.' நான் சொன்னேன், 'எல, இப்பச் சொன்னா எவன் வாங்குவான்? வெள்ளக்காரன் வாசிச்சான்னுதான் வாங்குதான். உவரிக்காரன் வாசிச்சான்னா ஓசியில கேப்பான். கொஞ்ச நாளு போவட்டும்'ன்னேன். ஞாயமாத்தான சொன்னேன்? அவன் தலைய ஆட்டிக்கிட்டான். பொறவு ரெண்டு மூணு தடவ கேட்டான். நானும் ஒவ்வொரு தடவையும் ஞாயமாத்தான் சொன்னேன்.

ஏன் தம்பி போன எடுக்கிய? அந்தப் பாட்ட வச்சிருக்கியளா? போடுங்க, போடுங்க. ஒரு காதுல எனக்கும் குடுங்க. ...கேட்டியளா, 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்'? நாந்தான்! அப்ப கொரலு எப்படி இருந்திருக்கு பாருங்க. செரி, நிப்பாட்டுங்க, பொறவு கேளுங்க. கேட்டா எனக்குக் காலு சும்மா இருக்காது.

அந்த வருசம் மாதா கோயில் திருவிழாவுல இன்னாசி குழு கச்சேரி. மைக் செட்டு நான்தான், அறிவிப்பும் நான்தான். நல்ல கூட்டம். நாலஞ்சு பாட்டு முடிஞ்சதும் இன்னாசி யாருட்டயும் சொல்லாம அந்த அஞ்சாவது பாட்ட எடுத்துட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் பாட்டுதான, அவன் கைக்கு வந்தபடி வாசிக்கான். கேசட்டுல இல்லாத எடமெல்லாம் புதுசாப் போட்டு வாசிக்கான். நல்லாத்தான் இருந்துச்சு, இல்லங்கல. ஆனா முன்னால நின்ன பயலுவளுக்கு அந்தக் கேசட்டு மனப்பாடம்லா. ஒருத்தன் கத்துதான், 'ஏ, காப்பி!'ன்னு. இன்னொருத்தன், 'ஒரிஜினல்ல அந்த எடம் அப்படி வராதுடே, கெடுக்கான்!'ங்கான். பொறவு கூட்டமே ஊ ஊன்னு ஊளையிட ஆரம்பிச்சிட்டு.

இன்னாசி கைய நிறுத்திட்டான். நிறுத்திட்டு என்னப் பாத்தான்.

என் கையில மைக்கு இருக்கு. கூட்டம் கத்துது. நீங்களா இருந்தா என்ன செய்விய? அந்த நேரத்துல போயி, 'அன்பர்களே, அது இங்கிலாந்துக்காரன் பாட்டு இல்ல, இவன் பாட்டுதான்'னா நம்புவானுவளா? என் கடைய ஒடச்சிருப்பானுவ, இத்தன நாளா ஏமாத்துனியான்னு. நான் மைக்க எடுத்து, 'அடுத்ததாக, ரசிகப் பெருமக்களின் விருப்பத்திற்கிணங்க ஒரு திரைப்படப் பாடல்'னு சொன்னேன். கூட்டம் கைதட்டி அமைதியாயிட்டு. அன்னைக்கு அந்த மேடையக் காப்பாத்துனது நான் தம்பி! அதுக்கு ஒரு நன்றி உண்டா? கிட்டாரக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு மேடைக்குப் பின்பக்கமா எறங்கிப் போயிட்டான். மறுநாளு கடைக்கு வரல. அதுக்கு மறுநாளும் வரல. பொறவு மஸ்கட்டுக்குப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன். ஒரு வார்த்த சொல்லிக்கிடாமப் போனான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இன்னைக்கு வரைக்கும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

எந்திக்கேன்னு பாக்காதீங்க, உவரி எவ்வளவு தூரம்னு எட்டிப் பாத்தேன். பனையாத்தான் தெரியுது.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வாறேன். கேசட்டுக் காலம் போச்சு, கடையும் போச்சு. எங்கூர்க்காரன் ஒருத்தன் துபாய்ல இருந்துக்கிட்டு, பழைய கேசட்டுலேருந்து அந்தப் பாட்ட எடுத்து இண்டர்நெட்டுல போட்டுட்டான். என்னன்னு போட்டான்? 'டாக் கேட் செவன், முதல் ஆல்பம், காணாமல் போன ஐந்தாவது பாட்டு'ன்னு போட்டான். ஒலகம் பூரா கேக்கானுவ. அந்த ஆல்பத்த இப்பப் புதுசா வெளியிட்டிருக்கானுவள்லா, அதுல ஏன் இந்தப் பாட்டு இல்லன்னு எங்கூர்ப் பயலுவ கம்பெனிக்காரன்ட்ட சண்ட போடுதானுவ! நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, 'அது என் பாட்டு, என் கடையில பதிஞ்சது'ன்னு மவள விட்டு எழுதச் சொன்னேன். கீழ வரிசையா எழுதுதானுவ: 'பெரியவரே, காலைல மாத்திர போட்டாச்சா?' 'தாத்தா, அப்ப நிலாவுக்குப் போனதும் நீங்கதானா?' தம்பி, நாப்பது வருசம் கழிச்சு உண்மையச் சொல்லுதேன், ஒருத்தனும் நம்ப மாட்டங்கான். தன் பொருள தன்னோடதுன்னு சொல்ல முடியாததவிட ஒரு மனுசனுக்கு என்ன கொடும வேணும்? நான் சாப்பிடாம படுத்திருக்கேன். அந்த வேதன அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

என்ன சொன்னிய? இன்னாசிக்கா? அவனுக்கு என்ன வேதன? அவன் எங்க இண்டர்நெட்டப் பாத்தான்?

கடசீல அந்த டாக் கேட் செவன் பேஸ்காரனே எழுதுனான். வெள்ளத் தாடி, அவனுக்கும் என் வயசுதான் இருக்கும். மவ படிச்சுச் சொன்னா. 'இது நாங்கள் வாசித்தது இல்லை. ஆனால் வாசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். கேரளாவில் வாசிக்கப் போகிறோம். அவர் மேடைக்கு வந்து எங்களோடு இந்தப் பாட்டை வாசிப்பாரா'ன்னு கேட்டிருந்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு தம்பி, பொய் சொல்லல. 'எழுதுளா, நான் வாறேன்னு எழுது'ன்னேன். 'யப்பா, வாசிச்சவரதான கேக்கான், ஒனக்குக் கிட்டாரப் புடிக்கவே தெரியாதேப்பா'ங்கா. 'நீ எழுது, நான் பாத்துக்கிடுதேன்'ன்னேன்.

உங்கள்ட்ட சொல்லுததுக்கு என்ன. நகச்சுத்தியெல்லாம் ஒண்ணும் கெடையாது. கிட்டாரக் கையில குடுத்தான்னா? 'வெரலு சீழ் கோத்திருக்கு, வலி உசுரு போவுது'ன்னு காட்டிருவேன். இங்கிலீசுல சொல்லத்தான் ஆளில்ல. அதான் உங்க பனியனப் பாத்ததும் கர்த்தரே அனுப்புன மாதிரி இருந்துச்சு. நீங்க என்கூட மேடைக்கு ஏறி ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். 'மிஸ்டர் தனசிங், ஓனர் ஆஃப் த சாங்.' அவ்வளவுதான். என்ன யோசிக்கிய?

நான் ஞாயம் தெரியாதவன் இல்ல தம்பி. போன வாரம் இன்னாசியப் போயிப் பாத்தேன், உவரியில. மஸ்கட்டுலேருந்து வந்து பல வருசமாச்சு. என்னப் பாத்ததும் 'வா தனசிங்கு'ன்னான், நேத்துப் பாத்தவன் மாதிரி. கடுங்காப்பி போட்டுக் குடுத்தான். சீனி கம்மியாத்தான குடிப்பன்னு அவனே சொல்லுதான். என் கடை போர்டுல 'டயமண்டு'க்குப் பக்கத்துல ஒரு கிளிஞ்சலு ஒட்டியிருந்துச்சே, அதக் கூடக் கேக்கான். அவ்வளவு ஞாபகம்.

விசயத்தச் சொன்னேன். 'கூட வாடே. நீ பின்னால நின்னு வாசி, முன்னால நின்னு நான் பேசிக்கிடுதேன்'ன்னேன். பெருந்தன்மையாத்தான கூப்பிட்டேன்? மவ போன்ல ஏத்திக் குடுத்த பாட்டப் போட்டுக் காட்டுனேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டான். கையி மட்டும் தொடையில எதையோ சொறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாட்டு முடிஞ்சுது. கண்ணத் தொறந்து என்னயப் பாத்து, 'நல்லா வாசிச்சிருக்கான். யாருடே இது?'ங்கான்.

எனக்குப் பொசுக்குன்னு ஆயிட்டு. 'எல, நீதான்டே!'ங்கேன். 'நானா? சே, சே. வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான். நம்ம ஆளுவளுக்கு இந்தக் கை வருமா?'ன்னுட்டுக் காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டான்.

பாத்தியளா? சுத்தமா மறந்துட்டான். எல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் இல்ல. வயசானா அப்படித்தான், ஒரு எடம் மட்டும் அழிஞ்சு போவும். பாவமாப் போச்சு எனக்கு. பேஸ் கிட்டாரு இன்னும் சுவத்துல தொங்குது. கம்பியெல்லாம் புதுசா பளபளன்னு இருக்கு, சும்மா அழகுக்கு மாட்டி வச்சிருக்கான் போல.

நான் கெளம்பும்போது மட்டும் வாசல்ல நின்னு, 'எந்த பஸ்லடே போவ?'ன்னு கேட்டான். நான் கூறு கெட்டத்தனமா இந்த பஸ்ஸச் சொல்லித் தொலச்சிட்டேன். அதுலேருந்து எனக்கு ஒறக்கம் இல்ல. விலக்குல கிட்டாரோட நின்னான்னா என்ன செய்ய? ஏறுனான்னா எங்க உக்கார வைக்க? மேடையில ஏறி அவன் வாசிச்சான்னா பொறவு என்ன எவன் பாப்பான்? மறந்துபோன ஆளு எதுக்குத் தம்பி பஸ்ஸு கேக்கணும்? அதான் எனக்கு வெளங்கவே மாட்டங்கு.

இந்தா வந்துட்டு, விலக்கு. கொஞ்சம் தலையச் சாய்ங்க, நான் பாக்கேன். பெட்டிக் கட... மீன் கூடைக்காரி ஒருத்தி... ரெண்டு சிஸ்டருமாரு... அவ்வளவுதான். ஆளில்ல. வரல. நான் சொன்னேன்லா, மறந்துட்டான்னு? வரல பாருங்க. அப்பாடா. ...வந்திருக்கலாம், சவம், கூப்பிட்ட மரியாதைக்காவது வந்து நின்னிருக்கலாம். செரி, போட்டும். ரைட்டு சொல்லச் சொல்லுங்க கண்டக்டர.

எங்க எந்திக்கிய? ஒண்ணுக்குப் போவணுமா? நாகர்கோயில்ல பத்து நிமிசம் நிப்பான் தம்பி. பைய ஏன் எடுக்கிய? தம்பி! கோவளம் இங்க இல்ல, இன்னும் ரொம்ப தூரம் போவணும். உக்காருங்க. எறங்காதீங்கங்கேன்... அட, எறங்கிட்டாரே!

கண்டக்டரே, ஒரு நிமிசம்! விசில் அடிக்காதீங்க! தம்பி, அவன் வர மாட்டான்! அவனுக்கு ஞாபகமே இல்லங்கேன், நீங்க எதுக்கு வெயில்ல போயி... அவனக் கூட்டிட்டுப் போனா அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆயிரும், கச்சேரியே ஆரம்பிச்சிரும்! கேக்குதா?

ஏ தம்பி! அந்தப் பக்கம் போவாதீங்க! அது கல்லறைத் தோட்டத்துக்குப் போற பாத! எடது பக்கம்! எடது பக்கம் திரும்பி கடலப் பாக்க நேரா நடங்க, ஐஸ் பேக்டரிக்கு அடுத்த முடுக்கு! முன்கதவத் தட்டாதீங்க, பின்னாலதான் கெடப்பான், கேக்காது! பின்பக்கம் போயி பேரச் சொல்லிக் கூப்பிடுங்க! உவரியில இன்னாசி நெறையப் பேரு உண்டு, சும்மா இன்னாசின்னா திரும்ப மாட்டான்! 'பேஸ் கிட்டாரு இன்னாசி மோத்தா'ன்னு முழுசா, சத்தமாச் சொல்லுங்க தம்பி! இன்னாசி மோத்தா!